ஹாஜியார் வீட்டு ஃபிரிட்ஜ்

என் தம்பி ரிஃபாத்தைப் பற்றி, கெய்ரோவுக்கு வடக்கே இருக்கிற எங்கள் ஊர் ஸிஃப்தாவில் யாரைக் கேட்டாலும் ‘தங்கமான மனுஷன்’ என்பார்கள். ஊர் கூடி ஒருத்தனைத் தங்கமான மனுஷன் என்று சொன்னால், அவனால் யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று அர்த்தம். நான் அவனுடைய அக்கா அவாதிஃப். எனக்குச் சொல்ல உரிமை உண்டு.

அவன் அரசாங்கப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் பிசிக்ஸ் வாத்தியார். எங்கள் ஊரில் பிசிக்ஸ் வாத்தியார் என்றால் மாடிக்கு மேல் மாடி கட்டியிருக்க வேண்டும். பள்ளியில் சம்பளத்துக்கு வந்து உட்கார்ந்துவிட்டு, மாலையில் டியூஷன் சென்டரில் மைக்கைப் பிடித்து உண்மையான பாடத்தை நடத்துவதுதான் இங்கே எல்லோருக்கும் பிழைப்பு. இவன் ஒருத்தன்தான் டியூஷன் எடுக்க மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தவன். பள்ளியிலேயே எல்லாவற்றையும் நடத்திவிடுவான். அதற்காக மற்ற வாத்தியார்கள் அவனோடு பேசுவதையே நிறுத்தினார்கள். ஒரு சமயம் ஒரு வரன் வந்தது. பெண்ணின் அப்பா எடுத்த எடுப்பில் கேட்ட முதல் கேள்வி, “மாப்பிள்ளை எந்த சென்டர்ல பாடம் எடுக்கிறார்?” இவன் இல்லை என்றான். அவர்கள் ஷர்பத்தை மட்டும் குடித்துவிட்டுக் கிளம்பிப் போனார்கள். அதற்குப் பிறகு அவன் கல்யாணம் என்ற பேச்சையே எடுக்கவில்லை.

எங்கள் அப்பா விட்டுப்போன வீட்டில் மேல் மாடி அவனுக்கு. நடுமாடி எனக்கும் என் மகள் ரீஹாமுக்கும். கீழே தெருவைப் பார்த்து என் ஜெராக்ஸ் கடை. எதிரிலேயே டியூஷன் சென்டர். என் கணவர் போன பிறகு அந்தக் கடைதான் எங்களுக்குச் சோறு போட்டது. பரீட்சை நெருங்கினால் ‘இதை மட்டும் படித்தால் போதும்’ சுருக்கப் புத்தகங்களை மெஷின் சூடேறும் வரை நகல் எடுப்பேன். அவன் மேலே உட்கார்ந்து மனப்பாடத்தைத் திட்டுவான். நான் கீழே மனப்பாடத்தைக் கட்டுக் கட்டாக அச்சடித்து, அந்தக் காசில் அவனுக்கும் சேர்த்து மொலோகிய்யாக் கீரை சமைப்பேன். அதைச் சொல்லிக் காட்டினால் மட்டும் காது கேட்காத மாதிரி ரொட்டியைப் பிட்டுக்கொண்டிருப்பான்.

ரீஹாம் மேல்நிலைப் பள்ளிக்குப் போன சமயத்தில்தான் அந்தப் புதிய திட்டம் வந்தது. பிள்ளைகளுக்கெல்லாம் டேப்லெட், மனப்பாடம் ஒழிந்தது, இனிமேல் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே பரீட்சை எழுதலாம், புரிந்தவனுக்குத்தான் மார்க் என்று டிவியில் சொன்னார்கள். ஊரே தலையில் கை வைத்துக்கொண்டது. என் தம்பி மட்டும் பயிற்சி முகாமுக்குப் போய்விட்டு, கழுத்தில் மாட்டிய அட்டையைக்கூடக் கழற்றாமல், ஒரு பெட்டி பஸ்பூஸாவோடு கடைக்குள் வந்து நின்றான். பெருநாளுக்குக்கூட இனிப்பு வாங்கி வராதவன்.

“அக்கா, இனிமே உன் கடையை மூட வேண்டியதுதான்!”

“வாயைக் கழுவுடா. கடையை மூடினா நீயும் நானும் டேப்லெட்டையா பிச்சுத் திங்கிறது?”

“இல்லக்கா, நிஜமாத்தான் சொல்றேன். இருபது வருஷமா நான் கத்திக்கிட்டு இருந்ததை அவங்களே சொல்றாங்க. இனிமே சென்டர்காரன் பருப்பு வேகாது.”

அவன் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை. பாவமாக இருந்தது. இனிப்பை வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன்.

என்ன நடந்தது என்று எங்கள் நாட்டில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். முதல் டேப்லெட் பரீட்சையன்று நெட்வொர்க் படுத்துவிட்டது. பிள்ளைகள் கறுப்புத் திரையைப் பார்த்து உட்கார்ந்திருந்துவிட்டு வீட்டுக்கு வந்தார்கள். அப்புறம் பரீட்சை மறுபடியும் தாளுக்கே வந்தது, வட்டத்தைக் கறுப்பாக்கும் தாள். சென்டர்காரர்களின் பருப்பு வேகாமல் இல்லை, இரண்டே மாதத்தில் நன்றாகக் குழைந்து வெந்தது. ‘புரிதல் கேள்விகள் ஐந்நூறு, விடைகளுடன்’ என்று புதுப் புத்தகம் போட்டார்கள். பிள்ளைகள் அந்த ஐந்நூறையும் மனப்பாடம் செய்தார்கள். நான்தான் நகல் எடுத்துக் கொடுத்தேன். என் கடை முன்பைவிட நன்றாக ஓடியது.

ஆனால் ரீஹாமை மட்டும் அவன் சென்டருக்கு அனுப்பவிடவில்லை. அதற்காக நாங்கள் போட்ட சண்டைக்கு அளவில்லை. என் மகளுக்கு மருத்துவம் படிக்க வேண்டும். சின்ன வயசிலிருந்தே அவளுக்கு அதுதான் பேச்சு. எங்கள் நாட்டில் தானவிய்யா என்கிற கடைசிப் பரீட்சையின் மொத்த மார்க் என்னவோ, அதுதான் ஒரு பிள்ளையுடைய தலைவிதி. ஒரு மார்க் இந்தப் பக்கம் விழுந்தால் டாக்டர், அந்தப் பக்கம் விழுந்தால் அவள் வேறு யாரோ. கடைக்கு மேலே ‘டாக்டர் ரீஹாம்’ பலகையை எங்கே மாட்டுவது என்றுகூட நான் பார்த்து வைத்திருந்தேன். அப்படிப்பட்ட நேரத்தில் வீட்டில் ஒரு தத்துவஞானி வந்து உட்கார்ந்திருந்தால் எந்தத் தாய்க்குத்தான் வயிறு எரியாது?

“ஊரே சென்டருக்குப் போகுது. என் பிள்ளை மட்டும் உன்னோட சோதனைக்கு எலியா?” என்று ஒருநாள் கத்தினேன்.

ரீஹாம்தான் பதில் சொன்னாள்: “உம்மா, எனக்குப் புரியுது. மாமா சொல்றது எனக்குப் புரியுது. விடுங்களேன்.”

அவளுக்குப் புரிந்தது உண்மைதான். மாதிரித் தேர்வுகளில் சென்டர் பிள்ளைகள் திணறுகிற கேள்விகளை இவள் ஊதித் தள்ளினாள். நானும் மெல்ல மெல்ல நம்ப ஆரம்பித்தேன்.

பரீட்சைக்குக் கொஞ்ச நாள் முன்னால் ரிஃபாத்துக்குக் கண்காணிப்பு வேலைக்கு உத்தரவு வந்தது. உள்ளூர் வாத்தியார் உள்ளூர்ப் பிள்ளைகளைக் கண்காணிக்கக் கூடாது என்று எங்கேயோ தூரத்து ஊருக்கு அனுப்புவார்கள். இவனுக்கு விழுந்தது தெற்கே, ஸயீது என்று சொல்கிற பகுதியில் ஒரு கிராமம். ஊர் பேர் வேண்டாம். பெற்ற பிள்ளை பரீட்சை எழுதினால் விலக்குக் கிடைக்கும், அக்காள் மகளுக்குக் கிடைக்காது. அவனுக்குச் சர்க்கரை வியாதி வேறு. தினமும் காலையில் இன்சுலின் ஊசி போட்டே ஆக வேண்டும். ஐஸ் போட்ட ஃபிளாஸ்கில் மருந்தை வைத்து, ரொட்டியும் வெள்ளைப் பாலாடைக்கட்டியும் ஒரு பை நிறையக் கட்டிக் கொடுத்து ரயிலேற்றினேன்.

“அங்க போயி வீரம் காட்டாதே. எங்க கண்ணை மூடணுமோ அங்க மூடிட்டு வா,” என்றேன்.

“அக்கா, நான் கண்ணை மூடினா நம்ம ரீஹாமோட மார்க்தான் குறையும். யோசிச்சுப் பாரு. அங்க நூறு பேர் காப்பியடிச்சு நூத்துக்கு நூறு வாங்கினா, மருத்துவத்துக்கு வேண்டிய மார்க் எங்க போயி நிக்கும்?”

இப்படித்தான் பேசினான், ஸ்டேஷனில், ரயில் புறப்படும்போது. எனக்கு அப்போதும் அவன் மேல் எரிச்சல்தான் வந்தது. சரியாகப் பேசுகிறவர்கள் மேல் எனக்கு எப்போதுமே எரிச்சல் வரும்.

அங்கே நடந்ததை அவன் ஒவ்வொரு நாளும் சாயங்காலம் போனில் சொன்னான். கடைசி நாளில் நடந்ததை மட்டும் நேரில் சொன்னான்.

கண்காணிப்பாளர்களுக்குத் தங்குமிடம் அந்தப் பள்ளியின் ஒரு வகுப்பறைதான். பெஞ்சுகளை ஒதுக்கிவிட்டுக் கட்டில் போட்டிருந்தார்கள். மத்தியானம் ஆனால் கிராமத்திலிருந்து ஒவ்வொரு வீடாக முறை வைத்துச் சாப்பாட்டுத் தட்டு வரும். அது அங்கே காலங்காலமாக உள்ள பழக்கம். அரிசி அடைத்த புறா, வாத்துக்கறி, வெயிலில் புளிக்க வைத்துச் சுட்ட ஷம்ஸி ரொட்டி எல்லாம் வரும். தட்டைக் கொண்டு வருகிறவர்கள் பரீட்சை பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். சாப்பிடுங்கள், இன்னும் கொஞ்சம் சாப்பிடுங்கள் என்பதோடு சரி. ஆனால் ரொட்டியும் உப்பும் ஒரு வீட்டில் தின்றுவிட்டால் அந்த வீட்டுப் பிள்ளையின் மேல் கையை வைக்க முடியாது. இது கெய்ரோவிலும் தெரியும், தெற்கிலும் தெரியும். மற்ற கண்காணிப்பாளர்கள் எல்லோரும் முதல் நாளே புறாவைக் கடித்தார்கள். என் தம்பி நான் கட்டிக் கொடுத்த பாலாடைக்கட்டியை எடுத்து வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்தான்.

“தொட்டா முடிஞ்சுதுக்கா,” என்றான் போனில்.

“அவங்க மூஞ்சியில துப்பின மாதிரிடா அது. வீட்டுச் சாப்பாட்டை வேண்டாம்னு சொல்றதா?”

“தெரியும். வேற வழியில்ல.”

முதல் பரீட்சையன்று ஒரு பையனிடமிருந்து போனைப் பிடுங்கினான். அரை மணி நேரத்தில் பள்ளிக்கு வெளியே கூட்டம் கூடியது. ஜன்னல் கண்ணாடியை உடைத்துக்கொண்டு ஒரு கல் உள்ளே வந்து விழுந்தது. தலைமைக் கண்காணிப்பாளர், வேறெங்கோ ஊரில் தலைமையாசிரியராக இருந்த வயசானவர், ஓடி வந்து இவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

“உஸ்தாத் ரிஃபாத், எனக்கு ரெண்டு மாசத்துல ரிட்டயர்மெண்ட். நான் உயிரோட ரிட்டயர் ஆகணும்யா. அந்தப் போனைக் குடுத்துடு.”

போனைத் தலைமைக் கண்காணிப்பாளரே வாங்கி அந்தப் பையனிடம் கொடுத்தார். ஆனாலும் ரிஃபாத் அசரவில்லை. அடுத்த பரீட்சையில் அவன் அறையில் மட்டும் ஜன்னலை இறுக்கச் சாத்திவிட்டு நடுவில் நின்றான். வெளியே ஒருத்தன் ஆட்டோவின் மேல் ஒலிபெருக்கியைக் கட்டி விடைகளை வாசித்தான். வினாத்தாள் நாலு வகை இருக்கிறதல்லவா, அதனால் வரிசையாக, “முதல் வகைப் பிள்ளைங்க எழுதுங்க, மத்தவங்க பொறுங்க, பொறுங்க” என்று ஏதோ கல்யாணப் பந்தி விசாரிப்பவன் மாதிரி. போலீஸ்காரர் பக்கத்திலேயே டீ குடித்துக்கொண்டிருந்தாராம். இவன் அதைப் போனில் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். அவன் சிரிக்கவில்லை.

இரண்டாம் கல்லும் வந்தது. அதற்கும் பயப்படவில்லை என் தம்பி. அடித்து அவனை வளைக்க முடிந்திருந்தால் எங்கள் அப்பா எப்போதோ வளைத்திருப்பார்.

அவனைக் கவிழ்த்தது வெயில்தான். அந்தத் தெற்கத்தி வெயிலில் நான் கொடுத்த பாலாடைக்கட்டி கெட்டுப் போயிற்று. ரொட்டியில் பூஞ்சை பிடித்தது. இவன் காலையில் ஊசியைப் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு அறைக்குப் போயிருக்கிறான். தட்டில் கைவைக்கக் கூடாதே! பரீட்சை முடிந்து தாள்களைக் கட்டிக் கொடுத்துவிட்டுப் பள்ளி வாசலில் இறங்கியவன் அப்படியே விழுந்தான். சர்க்கரை இறங்கிப் போய்விட்டது. மற்ற கண்காணிப்பாளர்கள் என்ன செய்வது என்று தெரியாமல் நின்றிருக்கிறார்கள்.

பள்ளிக்குப் பக்கத்து வீடு ஹாஜி அபுல் வஃபா என்கிறவருடையது. கரும்பு விவசாயி. அவர்தான் ஓடி வந்து, இவன் வாயைத் திறந்து கரும்புப்பாகை விரலால் தடவி, தோளில் தூக்கிக்கொண்டு தன் வீட்டுக்குப் போனார். அவர் மனைவி கோழி ரசம் வைத்தாள். இவனுக்கு நினைவு தெளிந்தபோது ஹாஜியார் பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார்.

“எழுந்திரிக்காதீக, வாத்தியாரே. உங்க மருந்து எங்க?”

“ஸ்கூல்ல… ஐஸ் உருகிடுச்சு, தண்ணிப் பானைக்குள்ள வச்சிருக்கேன்.”

“பானைக்குள்ளயா! ஏலே தியாப், ஓடிப்போயி எடுத்துட்டு வா. நம்ம ஃபிரிட்ஜுல வையி. கீழ்த்தட்டுல தயிர் இருக்குல்ல, அதுக்குப் பக்கத்துல.”

தியாப் அவருடைய மகன். அந்த வருஷம் தானவிய்யா எழுதுகிறவன்.

அன்றிலிருந்து தினமும் காலையில் இவன் ஊசி போட ஹாஜியார் வீட்டுக்குப் போக வேண்டும். மருந்து அங்கே இருக்கிறது. ஊசி போட்டால் சாப்பிட்டே ஆக வேண்டும். சாப்பாடும் அங்கேயே தயாராக இருக்கும், ஃபூல் என்கிற அவித்த மொச்சையும் முட்டையும் சூடான ரொட்டியும். “சாப்பிடாம ஊசி போடக்கூடாதாம்ல, டாக்டர் சொன்னாரு,” என்பார் ஹாஜியார். பரீட்சை பற்றி அவர் ஒரே ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. அதைத்தான் என் தம்பி என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னான். “ஒரு வார்த்தை கேட்டிருந்தா எந்திரிச்சு வந்திருப்பேன்க்கா. கேக்கவே இல்லையே அந்த மனுஷன்!”

கடைசிப் பரீட்சையான பிசிக்ஸுக்கு முந்தின வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து வந்து உட்கார்ந்தபோது, தியாபின் டேப்லெட் அலமாரியில் இருப்பதைப் பார்த்து இவன் எடுத்தான். அதன் மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைக்கூட யாரும் உரிக்கவில்லை.

“இதுல பாடமெல்லாம் இருக்கே, பாக்கலையா நீ?”

“நெட் வராது ஸார்.”

“சரி, ஸ்கூல்ல பிசிக்ஸ் யாரு நடத்தினாங்க?”

பையன் அப்பாவைப் பார்த்தான். ஹாஜியார்தான் பதில் சொன்னார். “மூணு வருஷமா பிசிக்ஸ் வாத்தியாரே இல்லைங்க இங்க. கேட்டுக் கேட்டு அலுத்துப் போச்சு. டேப்லெட்டு அனுப்புனாக, வாத்தியார அனுப்பல. ஒருநாள் மட்டும் ஒரு அதிகாரி வந்து படம் பிடிச்சிட்டுப் போனாரு.”

அவர் கோபமாகச் சொல்லவில்லை. மழை வரவில்லை என்கிற மாதிரி சொன்னாராம்.

இவன் அந்த வெள்ளிக்கிழமை பூராவும் உட்கார்ந்து பையனுக்குச் சொல்லிப் பார்த்திருக்கிறான். வோல்ட் என்றால் என்ன என்பதே அவனுக்குத் தெரியவில்லை. புத்திசாலிப் பையன்தான், சொன்னதைப் பிடித்துக்கொள்கிறான். ஆனால் மூன்று வருஷப் பாடத்தை ஒரு பகலில் யாரால் ஊற்ற முடியும்? அஸர் தொழுகைக்கு அழைப்பு வந்ததும் இரண்டு பேருமே புத்தகத்தை மூடிவிட்டார்கள்.

பிசிக்ஸ் அன்று காலை சீட்டுக் குலுக்கியதில் இவனுக்கு விழுந்தது தியாப் இருந்த அறை. யாரும் ஏற்பாடு செய்தார்களா என்று எனக்குத் தெரியாது. அவனுக்கும் தெரியாது. தாள் கொடுத்துக் கொஞ்ச நேரத்தில் வெளியே ஆட்டோச் சத்தமும் ஒலிபெருக்கியின் இருமலும் கேட்டன. அறையிலிருந்த பிள்ளைகள் எல்லோரும் தலையைத் தூக்கி இவனைப் பார்த்தார்கள். இந்த வாத்தியார் ஜன்னலைச் சாத்துகிறவர் என்று ஊருக்கே தெரியும். ஜன்னல் ஓரத்தில் இருந்தது தியாப். அவன் மரியாதையாக எழுந்து நின்றான்.

“ஸார், ஜன்னலைச் சாத்தட்டுமா?”

பையன் கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டான். சாத்து என்று சொல்லியிருந்தால் சாத்தியிருப்பான். தன் கையாலேயே சாத்திவிட்டு, ஒன்றும் தெரியாத அந்தத் தாளோடு உட்கார்ந்திருப்பான்.

“வேண்டாம்ப்பா,” என்றான் என் தம்பி. “வெக்கையா இருக்கு.”

பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான். முடியும் வரை திரும்பவே இல்லையாம்.

ரிஸல்ட் வந்த நாளைப் பற்றி என்ன சொல்ல? முதலில் குலவையிட்டது நான்தான். ரீஹாமுக்கு நல்ல மார்க். எங்கள் தெருவில் அவள்தான் முதல். கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் ஷர்பத் கொடுத்தேன். முந்தைய வருஷம் அந்த மார்க்குக்கு மருத்துவம் கண்ணை மூடிக்கொண்டு கிடைத்திருக்கும். ஆனால் இந்த வருஷம் கல்லூரிகளுக்கு வேண்டிய மார்க் வந்தபோது எல்லாம் மேலே போயிருந்தது. மருத்துவத்துக்கு நாலு மார்க் போதவில்லை. பல் மருத்துவத்துக்கு ஒரே ஒரு மார்க். பிள்ளைக்குக் கிடைத்தது பார்மஸி.

பார்மஸியும் நல்ல படிப்புதானே என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். எங்கள் தெருவில் மட்டும் எத்தனை மருந்துக்கடை இருக்கிறது, எத்தனை பார்மஸிப் பட்டதாரிகள் அதில் ஷாம்பு விற்கிறார்கள் என்று எனக்குத் தெரியாதா? ‘நல்ல படிப்பு’ என்று சொன்ன பக்கத்து வீட்டுக்காரியிடம், “அப்ப உன் மகனை அனுப்பு,” என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன். மறுபார்வைக்கு விண்ணப்பித்துத் தாளைக்கூடப் பார்த்தோம். எல்லா வட்டமும் சரியாகத்தான் எண்ணப்பட்டிருந்தது. அவர்கள் மேல் தப்பு சொல்ல ஒன்றுமில்லை. தப்பு இருந்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

ரீஹாம் அழவில்லை. டேப்லெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து, கடையில் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து தாள் அடுக்கினாள்.

அன்றுதான் ரிஃபாத் என்னைத் தனியாகக் கூப்பிட்டு அந்தக் கடைசி நாளைச் சொன்னான். ஜன்னல், பையன், வெக்கை, எல்லாம். நான் கையை ஓங்கிவிட்டேன். ஐம்பது வயசு ஆம்பளை, தலையை நீட்டிக்கொண்டு நின்றான், அடி என்கிற மாதிரி. என்னால் அடிக்க முடியவில்லை.

“நீ ஜன்னலைச் சாத்தியிருந்தா என் பிள்ளைக்கு மருத்துவம் கிடைச்சிருக்குமாடா?” என்று கேட்டேன்.

“கிடைச்சிருக்காதுக்கா. ஒரு அறை என்ன பண்ணும்? அந்த மாதிரி எத்தனை ஊரு, எத்தனை அறை.”

“அப்ப எதுக்குடா இப்படிச் செத்த மாதிரி நிக்கிற?”

யாரைத் திட்டுவது? அவனைத் திட்டினால், அந்த ஊர்க்காரர் இல்லாவிட்டால் அவனே இன்று இல்லை. அந்தப் பையனைத் திட்டினால், அவனுக்கு வாத்தியாரே கொடுக்கவில்லை. மேலே இருக்கிறவர்களைத் திட்டலாம்தான். தினமும் திட்டுகிறேன், டிவியைப் பார்த்து. டிவிக்குக் காது இல்லை.

“ரீஹாமுக்குத் தெரிய வேண்டாம்,” என்றேன். அவன் தலையாட்டினான்.

இரண்டு வாரம் கழித்து ஒரு மத்தியானம் கடை வாசலில் ஒரு டாக்ஸி வந்து நின்றது. தலைப்பாகை கட்டிய பெரியவர் ஒருத்தர் இறங்கினார். பின்னால் கூச்சத்தோடு ஒரு மெலிந்த பையன். டாக்ஸியிலிருந்து ஒரு கூடை புறா, ஒரு டின் நெய், கரும்புப்பாகு ஜாடி, துணியில் சுற்றிய ரொட்டி எல்லாம் இறங்கின.

“உஸ்தாத் ரிஃபாத் வீடு இதுதானே தாயி? நான் அபுல் வஃபா. அவுக உடம்பு எப்படி இருக்கு? ஒருநாளும் போன் எடுக்க மாட்டேங்கிறாரு, மனசு கேக்கல, பாத்துட்டுப் போகலாம்னு வந்தோம்.”

என் தம்பியின் உயிரைக் காப்பாற்றிய மனுஷனை வாசலில் நிறுத்தி வைக்க முடியுமா? “வாங்க, வாங்க, எங்க வீட்டுக்கே வெளிச்சம் வந்த மாதிரி இருக்கு,” என்று சொல்லி மேலே கூட்டிப் போனேன். வாய் அதுபாட்டுக்குச் சொன்னது. ரிஃபாத் மாடியிலிருந்து இறங்கி வந்தான். ஹாஜியார் அவனைக் கட்டிப் பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டு, மெலிந்துவிட்டான் என்று வருத்தப்பட்டார். பிறகு பையனை முன்னால் தள்ளினார்.

“ஸாருக்குச் சொல்லுடா.”

“மருத்துவம் கிடைச்சிருக்கு ஸார்,” என்றான் தியாப், தரையைப் பார்த்தபடி. “எங்க பக்கத்து யுனிவர்சிடியிலேயே.”

“எங்க ஊருல முதல் டாக்டர்!” என்றார் ஹாஜியார். அவர் கண்ணில் தண்ணீர். “நீங்க வந்த நேரம், வாத்தியாரே. உங்க முகத்துல முழிச்ச நேரம்.”

ரீஹாம் டீத் தட்டோடு வந்து நின்றிருந்தாள். தட்டை வாங்கி அவளை உள்ளே அனுப்பப் பார்த்தேன். அவள் போகவில்லை. எங்கள் வீட்டில் விருந்தாளிகளுக்கு அவள்தான் டீ கொடுப்பாள். ஒவ்வொருத்தராகக் கொடுத்துவிட்டுத் தியாபுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

“பிசிக்ஸ்ல எவ்வளவு வாங்கினே?”

“முழு மார்க்,” என்றான்.

“முழுசா!” அவளுக்கு உண்மையிலேயே ஆச்சரியம். முகம்கூட மலர்ந்தது. “அந்தக் கடைசிக் கேள்வி, ரெண்டு சுருளை வச்சுக் கேட்டாங்களே, ஒண்ணோட சுவிட்சைப் போட்டா விளக்கு என்ன ஆகும்னு. நான் அதுலதான் மாட்டினேன். வீட்டுக்கு வந்து மாமாகிட்ட எத்தனையோ தடவை போட்டுப் பாத்துட்டேன். நீ எப்படிப் போட்டே?”

பையன் அப்பாவைப் பார்த்தான். ஹாஜியார் டீயைப் பார்த்தார்.

“எனக்குத் தெரியாது,” என்றான் தியாப் கடைசியில். காதெல்லாம் சிவந்துவிட்டது. “ஜன்னல்ல கேட்டதைக் குறிச்சேன். எங்களுக்கு பிசிக்ஸ் வாத்தியாரே இல்ல. ஸாருக்குத் தெரியும்.”

அவன் பொய் சொல்லியிருக்கலாம். ஏதாவது உளறியிருக்கலாம். அவனும் நல்ல பிள்ளையாகப் போய்விட்டான், எங்கள் கெட்ட நேரம்.

ரீஹாம் மாமாவைத் திரும்பிப் பார்த்தாள். அவள் குரலில் கோபமே இல்லை. அதுதான் என்னைக் கொன்றது.

“நீங்க அந்த அறையிலயா மாமா இருந்தீங்க?”

“ஆமாம்மா.”

அவள் தலையாட்டினாள். காலிக் கோப்பைகளை ஒவ்வொன்றாகத் தட்டில் எடுத்து வைத்தாள். எழுந்திருக்கும்போது, விருந்தாளிகளுக்குக் கேட்காத மாதிரி, மெதுவாக அவனிடம் சொன்னாள்:

“எங்க அறைக்கு வந்தவர் ரொம்ப நேர்மையானவர் மாமா. எங்கேயோ தெற்கத்திக்காரர். யாரையும் தலையைத் திருப்பக்கூட விடல. நான் உங்களை நினைச்சுக்கிட்டே எழுதினேன்.”